சீர்செய்யும் நீதி

குற்றம் இழைத்தவனுக்கு என்ன தண்டனை என வினவுவதே நாம் பழகிய நீதிமுறை. துன்புற்றவருக்கு என்ன தேவை எனவும் வினவுவது சீர்செய்யும் நீதியாகும். இதற்கு நியூசிலாந்தைத் தக்க சான்றாகக் காட்டலாம்.

மாவோரி மக்கள்பால் அந்நாட்டுச் சமூகநலத் துறை காட்டிய இனப்பாகுபாட்டை, ஜான் ரங்கிஹாவ் தலைமையிலான குழு 1986ஆம் ஆண்டு அளித்த அறிக்கை எடுத்துரைத்தது. அதன் பின்னர் 1989இல் இயற்றப்பட்ட சட்டம், தவறிழைத்த இளையோருக்கெனக் குடும்பக் குழுக் கூட்டத்தை ஏற்படுத்தியது. இளைஞன், குடும்பத்தார், பாதிக்கப்பட்டவர், காவலர் ஆகியோர் அதில் ஒருங்கே அமர்வர். வழக்கறிஞரும் சமூகப் பணியாளரும் உடனிருப்பதுண்டு. நிகழ்ந்ததை யாவரும் கேட்ட பின், குடும்பத்தார் தனித்திருந்து ஆராய்வர். மன்னிப்பு, இழப்பீடு, சமுதாயப் பணி என ஒரு திட்டம் உருவாகும். கூடியோர் உடன்பட்டாலன்றி அது முடிவாகாது. கொலைக் குற்றம் இம்முறைக்குப் புறம்பானது.

2008இல் கிஸ்போர்ன் நகரில், ‘மராயே’ எனும் மாவோரிப் பொதுமன்றிலேயே இளைஞர் நீதிமன்றம் கூடத் தொடங்கியது. ஊர் முதியோர் நீதிபதியின் அருகமர்ந்து, இளைஞனுக்கு அவன் குலமரபை நினைவூட்டுகின்றனர்.

பாதிக்கப்பட்டவர் வாராத கூட்டம் குறையுடையதே. அவரை வரவழைப்பது எளிதன்று. அச்சமும் சினமும் தடுக்கும். ஆயினும், காவலரும் வழக்கறிஞரும் தத்தம் அதிகாரத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தாலன்றி நீதி மக்கள் கைக்கு வாராது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.