குதிரையின் இடுப்பு வாதம்: மாட்டிலிருந்து கொசு கொண்டுவரும் நோய்

சேலம், நாமக்கல் பகுதியில் குதிரை வளர்ப்போர் சிலரே. ஆயினும் ஆடி மாத அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்கி வந்து, மாட்டுக் கொட்டகையிலேயே கட்டித் தரிசில் மேய விடுவோர் உண்டு. நேற்று வரை நன்றாக மேய்ந்த குதிரை இன்று பின்னங்காலை இழுத்து நடந்தால், சுளுக்கு என்று எண்ணிச் சூடு போடாதீர்கள். அது 'கும்ரி' எனப்படும் இடுப்பு வாதமாக இருக்கலாம்.

நோய் வரும் வழி

மாடு, எருமைகளின் வயிற்றறையில் செட்டேரியா என்னும் வெள்ளை நூல் போன்ற புழு வாழ்கிறது. மாட்டுக்கு இதனால் பெரும்பாலும் தொல்லை இல்லை. இதன் நுண்புழுக்கள் மாட்டின் இரத்தத்தில் இருக்கும். மாட்டைக் கடித்த கொசுவின் உடலில் இவை வளர்ந்து, அக்கொசு பின்னர் குதிரையைக் கடிக்கும்போது அதன் உடலில் புகுகின்றன. அங்கு வழிதவறும் இளம்புழு முதுகுத் தண்டையோ மூளையையோ துளைக்கிறது. செம்மறியாடு, வெள்ளாடுகளுக்கும் இந்நோய் வரும். மேச்சேரி ஆடு வளர்ப்போரும் கவனிக்க வேண்டும்.

அறிகுறிகள்

நடையில் பின்பகுதி தள்ளாடும். குளம்பின் நுனி தரையில் தேயும். திரும்பும்போது விழப் பார்க்கும். காய்ச்சல் பெரும்பாலும் இராது, தீனியும் தின்னும். முற்றினால் எழ இயலாது. சில குதிரைகளின் கண்ணுக்குள் இப்புழு நெளிவதையும் காணலாம்.

பிற நோய்கள்

ஓரிரு நாள் ஓய்வில் தானியத்தைக் குறைக்காமல் கொடுத்துப் பின் வேலை வாங்கினால், குதிரையின் தொடைத் தசை கல்லாக இறுகி, வியர்த்து, சிறுநீர் காப்பி நிறமாகும். இது தசை நோய். குதிரையை ஓர் அடிகூட நடத்தக் கூடாது. காயத்திற்குப் பின் உடல் விறைத்து வாய் திறவாவிடில் அது ரண ஜன்னியாகலாம். வெறிநோயும் வாதம் போலவே தொடங்கக் கூடும்; ஆகவே வாயில் கைவிட்டுப் பார்க்காதீர்கள்.

செய்ய வேண்டியவை

1. தள்ளாட்டம் கண்ட அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். புழுவை மருந்தால் கொல்லலாம்; சிதைந்த நரம்பை மீட்பது அரிது.

2. படுத்த குதிரைக்கு வைக்கோல் மெத்தையிட்டு, அடிக்கடி புரட்டிப் போடுங்கள்.

3. குதிரையை மாடுகளுக்கு அப்பால் கட்டுங்கள். தேங்கிய நீரை வடித்து, மாலையில் வேப்பந்தழைப் புகை போடுங்கள்.

4. மழைக்காலத்தில் குதிரைக்கும் மாட்டுக்கும் தர வேண்டிய புழு மருந்தை மருத்துவரிடம் கேட்டு, அவர் சொன்ன அளவில் கொடுங்கள்.

நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குதிரை காலை இழுக்கும் முதல் நாளே அதன் உதவியை நாடுங்கள்.