பூளைப்பூ தந்த பெயர்

குட்டீஸ், பொங்கலுக்கு முதல் நாள் நம் கொங்கு நாட்டில் வீடு வீடாகக் காப்புக் கட்டுவோம் அல்லவா? வேப்பிலை, ஆவாரம்பூவோடு பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக ஒரு பூவும் அந்தக் கொத்தில் இருக்கும். அதுதான் பூளைப்பூ. சித்த வைத்தியர்கள் 'சிறுபீளை' என்பார்கள். இந்தச் செடி மண்டிக் கிடந்த மேட்டு நிலம்தான் 'பூளைமேடு'. அதுவே கோவையின் இன்றைய பீளமேடு என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம்.

அப்போது அது ஊருக்கு வெளியே இருந்த விவசாயக் கிராமம். பருத்தி விளைந்த பூமி என்பதால் பஞ்சாலைகள் வந்தன. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவை எங்கும் ஆலைகள் பெருகின. ஆலைச் சங்கு ஊதினால்தான் பலருக்கு மணி தெரியும். கடிகாரம் எல்லா வீட்டிலும் ஏது?

இங்கே பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடு குடும்பத்தின் கதையைச் சொல்ல வேண்டும். அவருக்கு நான்கு மகன்கள். 1926-இல் குடும்பச் சொத்தைப் பங்கு பிரித்தபோது, நான்காக அல்ல, ஐந்தாகப் பிரித்தார்கள்! ஐந்தாவது பங்கு யாருக்கு? ஊருக்கு. அந்த 2 லட்சத்து ஆயிரம் ரூபாயில் உருவானதுதான் பி.எஸ்.ஜி. அறநிலையம். சொத்துக்காக அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போவதைத்தானே நாம் அதிகம் கேள்விப்படுகிறோம்?

அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1924-இல், பீளமேட்டில் ஒரு பள்ளி தொடங்கியிருந்தது. பெயர் 'சர்வஜன' பள்ளி. சர்வஜன என்றால் எல்லா மக்களும் என்று பொருள். சாதியைச் சொல்லிப் பல பிள்ளைகளைப் பள்ளித் திண்ணைக்கு வெளியே நிறுத்திய காலம் அது. அந்தக் காலத்தில் வாசலிலேயே இப்படி ஒரு பெயரை எழுதி வைக்கத் துணிச்சல் வேண்டும்.

பிறகு 1940-இல் விமான நிலையம், 1951-இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, 1963-இல் கிருஷ்ணம்மாள் மகளிர் கல்லூரி என்று ஊர் வளர்ந்தது. பழைய ஆலைகள் பல மூடப்பட்டு, சங்கொலியும் ஓய்ந்தது. 2025-இல் அவிநாசி சாலையில் ஜி.டி.நாயுடு மேம்பாலமும் திறந்தாயிற்று. அதன் மேல் போனால் பீளமேடு சில நிமிடத்தில் கடந்துவிடும். கீழே இறங்கி நடந்தால்தான் ஊர் தெரியும்.

பூளைச்செடி? மேடெல்லாம் கட்டடமாகிவிட்டதே! காப்புக் கட்டும் நாளில் பீளமேட்டுக்காரர்களும் சந்தையில் காசு கொடுத்துத்தான் பூளைப்பூ வாங்குகிறார்கள். உங்கள் தெருக் காலிமனையில் ஒரு செடியாவது நிற்கிறதா, பாருங்கள்.