நாற்றுப் பையும் குழித்தட்டும்: வேருக்கு வேண்டிய மண்ணின் அளவு

திண்டுக்கல் சமவெளியில் தக்காளி, மிளகாய், கத்தரி முதலியவற்றைப் பயிரிடுவோர் கிணற்றடியில் மேட்டுப்பாத்தி அமைத்து, விதையைத் தூவி, நாற்றைப் பிடுங்கி நடுவதே நெடுநாளைய வழக்கம். வீரிய ஒட்டு விதைகளின் விலை உயர்ந்த பிறகு இவ்வழக்கம் பெரும்பாலும் மாறிவிட்டது. ஒரு விதைக்கு ஒரு குழியென்று குழித்தட்டில் விதைத்து, நிழல்வலைக் குடிலில் வளர்த்து, வேர் அறாமல் எடுத்து நடுவதே இக்காலத்து முறை. ரெட்டியார்சத்திரத்தில் இந்திய-இஸ்ரேல் ஒத்துழைப்பில் அமைந்த காய்கறி மகத்துவ மையமும், ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தனியார் நாற்றங்கால்களும் இம்முறையிலேயே நாற்றுகளைத் தயாரித்து வழங்குகின்றன.

ஆயினும் நாற்று வாங்கும் குடியானவர்கள் ரகத்தையும் விலையையும் விசாரிக்கின்றார்களேயன்றி, அந்நாற்று எவ்வளவு மண்ணில், எத்தனை நாள் வளர்ந்தது என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. நிலத்தில் நிற்கும் பயிரின் வேர், ஈரத்தையும் சத்தையும் தேடி நாற்புறமும் செல்லக்கூடும். பையிலும் தட்டிலும் அடைபட்ட வேருக்கோ நாம் அளந்து கொடுத்த மண்ணே உலகம். அம்மண் தீர்ந்த நாள் தொட்டு நாற்று மூப்படைகிறது; வேர் சுவரை ஒட்டிச் சுருள்கிறது. காய்கறியாயின் அதன் நஷ்டம் ஒரு பருவத்தோடு முடியும். மரமாயின் இரண்டு மூன்று ஆண்டுகள் நீரும் எருவும் இட்டு வளர்த்த பின்னர், ஆடிக் காற்றில் அடியோடு சாயும்பொழுதே உண்மை வெளியாகும். ஆகையால் கலத்தைத் தேர்ந்தெடுக்குமுன், நாற்று அதில் இருக்கப்போவது எத்தனை நாள், அதன் வேர் எத்தன்மையது, பாய்ச்சும் நீர் எப்படிப்பட்டது என்னும் மூன்றையும் ஆராய வேண்டும்.

பையின் அளவை அறியும் விதம்

கடைகளில் பாலித்தீன் பைகள் 4-க்கு 6, 6-க்கு 9, 8-க்கு 12 என்று அங்குலக் கணக்கில் விற்கப்படுகின்றன. முதல் எண், மண் நிரப்பாத பையைத் தட்டையாக வைத்து அளந்த அகலமாகும். மண் நிரப்பியபின் பை உருளையாகிவிடுவதால், அதன் விட்டம் இவ்வகலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே இருக்கும். 6 அங்குலப் பையின் வாய் 4 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. உயரத்திலும் அடிமடிப்புக்கும் நீர் ஊற்றும் இடத்துக்குமாக ஓர் அங்குலம் கழிக்க வேண்டும்.

இவ்விதம் கணக்கிட்டால் 4-க்கு 6 பையில் சுமார் 0.4 லிட்டர் மண்ணும், 6-க்கு 9 பையில் சுமார் 1.5 லிட்டரும், 8-க்கு 12 பையில் சுமார் 3.7 லிட்டரும் கொள்ளும். அகலமும் உயரமும் ஒன்றரை மடங்கு ஆகும்பொழுது, மண்ணின் அளவு மூன்றரை மடங்குக்கு மேல் ஆவதைக் கவனிக்க. சிறிய பையை வாங்கிக் காசை மிச்சப்படுத்துகிறவர் வேருக்குரிய மண்ணில் முக்கால் பங்கைக் குறைத்துவிடுகிறார்.

ஆழமும் ஈரமும்

மண்ணின் அளவு ஒன்றாயினும், ஆழமான கலமும் ஆழமற்ற கலமும் ஒரே விதமாக ஈரத்தைக் காப்பதில்லை. நீர் வடிந்து நின்ற பின்னரும், எக்கலத்திலும் அடியில் ஒரு படுகை நீர் நிறைந்தே இருக்கும். அப்படுகையின் உயரம் மண்ணின் தன்மையைப் பொறுத்ததே தவிர, கலத்தின் உயரத்தைப் பொறுத்ததன்று. ஆழமான பையில் அது சிறு பாகம். ஆழமற்ற குழியிலோ பெரும் பாகம். இதைச் சோதிக்க விரும்புவோர், பாத்திரம் தேய்க்கும் பஞ்சு ஒன்றை நீரில் நனைத்து, கையில் படுக்கையாக ஏந்தி நீர் சொட்டுவது நிற்கும்வரை பொறுத்திருக்கட்டும். பின் அதையே நெட்டாக நிறுத்தினால் மேலும் நீர் வடியக் காணலாம்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்கும். முதலாவது, குழித்தட்டில் வயல் மண்ணை, முக்கியமாகக் கரிசலை, நிரப்புதல் கூடாது; அடியில் காற்றோட்டமின்றி வேர் அழுகும். இரண்டாவது, வடிகாலுக்கென்று தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சல்லியைக் கனமாகப் பரப்புவதால் பயனில்லை. நீர்ப்படுகை சல்லிக்கு மேலே ஏறி நிற்குமாதலால், வேருக்குரிய நல்ல மண்ணே குறைகிறது. துவாரத்தை மண் அடைக்காதவாறு ஓர் ஓட்டுத் துண்டு வைத்தாற் போதும்.

கலம் வேண்டியதற்கு மேல் பெரிதாயிருப்பதும் தீங்கே. சிறு நாற்றால் உறிஞ்ச முடியாத ஈரம் தேங்கி, நாற்றழுகல் நோய்க்கு இடமாகும். சுமை கூலியும் ஏறும். 6-க்கு 9 பை நனைந்த நிலையில் சுமார் 2 கிலோ எடையிருக்கும். 640 பைகளை வயலுக்குக் கொண்டு செல்லுதல் ஒரு டன்னுக்கு மேற்பட்ட சுமையாகும்.

காய்கறி நாற்றுகளுக்கு

தக்காளி, மிளகாய், கத்தரிக்கு 98 குழித்தட்டே வழக்கத்தில் உள்ளது. ஒரு தட்டை நிரப்ப மக்கிய தென்னை நார்க்கழிவு ஏறக்குறைய 1.2 கிலோ வேண்டும். தக்காளியை வரிசைக்கு வரிசை 90 செ.மீ., செடிக்குச் செடி 45 செ.மீ. விட்டு நட்டால் ஏக்கருக்குச் சுமார் 10,000 நாற்று பிடிக்கும். பழுதாவதற்கென்று நூற்றுக்குப் பத்து கூட்டிக்கொண்டால் 112 தட்டுகளும், 135 கிலோ நார்க்கழிவும் தேவை.

இத்தட்டின் குழி, தக்காளிக்குச் சுமார் 25 நாளுக்கும், மிளகாய்க்கு 35 நாளுக்கும் போதுமானது. வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து நாற்று விடுவோருக்குச் சங்கடம் இங்கேதான் நேர்கிறது. மழை பிந்தினாலும், உழவு முடியாவிட்டாலும், 25 நாளில் நடவேண்டிய தக்காளி நாற்று 40 நாள் தட்டிலேயே நிற்கிறது. நெட்டையாகி, மஞ்சளித்து, சில சமயம் தட்டிலேயே பூவும் எடுக்கிறது. இத்தகைய நாற்றை நட்டால் அது வேர் ஓடித் துளிர்ப்பதில் தாமதமும், விளைச்சலில் குறைவும் ஏற்படும்.

இதற்குப் பரிகாரம் இரண்டு. கிணற்றில் நீர் நிச்சயமில்லாதவர், ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாள் இடைவிட்டு இரண்டு தவணையாக விதைக்கலாம். அல்லது 50 குழித்தட்டைப் பயன்படுத்தலாம். அதில் ஒவ்வொரு நாற்றுக்கும் ஏறக்குறைய இரு மடங்கு மண் கிடைக்கும். தட்டும் நார்க்கழிவும் இரு மடங்கு செலவாகுமெனினும், வீரிய ஒட்டு விதையின் விலையை நோக்க இச்செலவு பெரிதன்று. தர்ப்பூசணி, வெள்ளரி, பூசணி ஆகியவற்றுக்கு எப்பொழுதும் 50 குழித்தட்டே ஏற்றது.

முருங்கையும் பழமரங்களும்

முருங்கை, பப்பாளி, மா, வேம்பு ஆகியவை ஆணிவேர் நேராக இறங்கும் இயல்புடையவை. இவற்றுக்குப் பையின் அகலத்தைவிட ஆழமே பிரதானம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989-ல் வெளியான பி.கே.எம்.1 செடிமுருங்கையை, இரண்டரை மீட்டர் இடைவெளியில் எடுத்த குழியில் விதையாகவே ஊன்றுவது உத்தமம். ஏக்கருக்குச் சுமார் 640 குழிகள் ஆகும். முளைக்காத குழிகளை நிரப்புவதற்கு மாத்திரம் கொஞ்சம் பைகளில் விதைத்து வைத்துக்கொண்டால் போதும். அப்பைகள் 6-க்கு 9 அளவுக்குக் குறையாதிருக்கட்டும். 35 முதல் 40 நாட்களுக்குள் நட்டுவிடுக. அடியில் வேர் முட்டிச் சுருண்ட முருங்கைக் கன்றை விலையின்றிக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

ஆயக்குடிப் பக்கத்தில் நடப்படும் கொய்யாவில், பதியன் கன்றுகளுக்கு ஆணிவேர் கிடையாது. சல்லிவேர்கள் பக்கவாட்டில் பரவும். இவற்றுக்கு வாய் அகன்ற 8-க்கு 12 பை தக்கதாகும். பல மாதம் வைத்திருக்க நேர்ந்தால், வேர் நிறையும் முன்னரே அதைவிடப் பெரிய பைக்கு மாற்றுவது அவசியம்.

மண் கலவையும் கிணற்று நீரும்

பைக்குச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்பலாம். தனிச் செம்மண் காய்ந்து இறுகும். மக்காத எரு வேரைச் சுடும். தென்னை நார்க்கழிவில் உப்பு மிகுந்திருப்பதுண்டு. நல்ல நீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்து வடித்த பின்னரே உபயோகிக்க வேண்டும்.

திண்டுக்கல்லைச் சுற்றி, தோல் பதனிடும் தொழில் நடந்த இடங்களை அடுத்த கிணறுகள் பலவற்றில் நீர் உப்பேறியிருப்பது யாவரும் அறிந்ததே. நிலப் பயிர் தாங்கக்கூடிய உப்பையும் சிறு குழியில் உள்ள நாற்று தாங்காது. நீர் ஆவியாக ஆவியாக உப்பு அச்சிறு மண்ணிலேயே தங்கிச் செறிகிறது. ஆகவே மண் குறையக் குறைய நீரின் தரம் உயர்ந்திருக்க வேண்டும். நாற்றங்கால் தொடங்குமுன் கிணற்று நீரை மண் பரிசோதனை நிலையத்தில் சோதித்துக்கொள்க. உப்பு நீரைத் தவிர்க்க இயலாதவர் மழை நீரைச் சேமித்துக் கலந்தும், ஒவ்வொரு முறையும் துவாரத்தின் வழியே சிறிது வெளிவருமளவு ஊற்றியும் வரல் வேண்டும்.

கரிய பைகள் சித்திரை வெயிலில் மிகவும் சூடேறி, மேற்குப் பக்கத்து வேரைக் கருக்கும். பைகளை நெருக்கி அடுக்கி, வெளி வரிசைக்கு மண் அணைத்தோ, தென்னங்கீற்று சாத்தியோ காக்க.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

விதைத்த தேதியைக் கேட்க. பத்துத் தட்டுக்கு ஒரு நாற்று வீதம் உருவிப் பார்க்க. மண் உதிராமல் கட்டியாக வரவேண்டும். வெண்மையான வேரும், வேருக்கு இடையே மண்ணும் தெரிய வேண்டும். மண் உதிர்ந்தால் நாற்று இளசு. பழுப்பு வேர் மட்டும் பாய்போல் பின்னித் தெரிந்தால் நாற்று மூத்தது. சல்லிவேர்க் கன்றில் சுருள் சிறிதாயின், கூரிய கத்தியால் பக்கத்தில் மூன்று இடங்களில் மேலோட்டமாகக் கீறி, அடிச்சுருளை அறுத்து நடலாம். ஆணிவேர்க் கன்றுக்கு இச்சிகிச்சை உதவாது.

ஊராட்சிகளில் மரம் நடும் வேலையை மேற்பார்க்கும் கிராம அதிகாரிகள், நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைப் பதிவதோடு, வந்த கன்றுகளின் பை அளவையும் வயதையும் பதிந்து வருதல் நலம். பையைக் கிழித்து அகற்றாமல் குழியில் இறக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதைக் கண்டிப்பாய்த் தடுத்து, கிழித்த பைகளை எண்ணித் திரும்பப் பெற வேண்டும். பையின் எண்ணிக்கை குறைந்தால், எத்தனை கன்று பையோடு புதைந்தது என்பது அன்றே தெரிந்துவிடும்.

இப்பருவத்துக்கு நாற்று விடுவோர், முதலில் நடும் தேதியைக் குறித்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைப்பு நாளையும் கலத்தின் அளவையும் தீர்மானிப்பாராக. மழை பிந்துமோ என்னும் ஐயமிருப்பின், ஒருபடி பெரிய குழியையே தேர்ந்தெடுத்தல் விவேகமாகும்.