உங்களுக்குத் தெரியுமா? உப்புப் பாத்தியும் மாத்திரை எச்சமும்

மரக்காணம் பாத்தியில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். வீட்டுக் கழிவுநீரில் போகும் மருந்துகளில் எளிதில் சிதையாதவற்றின் கதையும் ஏறக்குறைய இதுதான். பாரசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவற்றைக் காற்றோட்டமுள்ள ஜல்லிப் படுகையின் நுண்ணுயிரிகள் பெருமளவு தின்றுவிடும். வலிப்புக்குத் தரும் கார்பமசெபைன் அப்படியல்ல. செப்டிக் டேங்கை விடுங்கள், நகரத்துப் பெரிய சுத்திகரிப்பு நிலையத்தையே பெரும்பாலும் அப்படியே கடந்துவிடும். எனவே பக்கத்து ஆரோவில்லில் இருப்பது போன்ற, காற்றில்லாத் தொட்டியும் நாணல் நட்ட ஜல்லிப் படுகையும் கொண்ட சிறு அமைப்புகளின் கடைசியில், கொட்டாங்குச்சியில் செய்த ஆக்டிவேட்டட் கார்பன் படுகை ஒன்றும் வேண்டும் என்பேன். (அடுப்புக்கரி அதற்கு ஈடாகாது.)

லிட்டருக்கு நானோகிராம் கணக்கில் இருப்பதற்கா இத்தனை பாடு என்று கேட்கலாம். ஓடும் பேராற்றில் அது ஓரளவு நியாயம். ஆனால் மழையில் நிரம்பிக் கோடையில் பெரும்பகுதி வற்றும் கழுவெளியில், 2021-இல் பறவைகள் சரணாலயமாகி 2024-இல் ராம்சர் பட்டியலேறிய அந்த ஏரியில், தண்ணீர் கலந்து நீர்த்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. செலவைச் சொல்லும் ஆட்சேபம்தான் கனமானது: கார்பனின் உறிஞ்சும் திறன் தீர்ந்ததும் மாற்றியாக வேண்டும், மாற்றாத படுகை வெறும் கரிமூட்டை. ஆகவே வீட்டுக்கு வீடு என்று தொடங்காமல், மாத்திரைப் புழக்கம் மிகுந்த ஆஸ்பத்திரிகளிலும் முதியோர் இல்லங்களிலும் முதலில் வைப்பதே சரி.