விடுப்பில் இருக்கும் பிஷப்

ரியோ டி ஜெனிரோவில் கார்னிவல் தொடங்கும்போது ஒரு சடங்கு உண்டு. ரெய் மோமோ என்று கொண்டாட்டத்துக்கு ஒரு ராஜா. அவருக்குக் கிரீடம் வைத்து, ஊர்ச் சாவியை மேயர் தன் கையால் கொடுப்பார். அடுத்த சில நாட்களுக்கு ஊர் அந்த ராஜாவின் ஆட்சி. 2017 பிப்ரவரியில் ராஜா தயார், ஆட்டக்காரர்கள் தயார், நிருபர்கள் தயார். மேயர் மட்டும் வரவே இல்லை. பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஓர் அதிகாரி சாவியைக் கொடுத்தார்.

கார்னிவல் என்றாலே ஒதுங்கிப்போகும் ஆளை அந்த ஊர்க்காரர்கள் எப்படி மேயராக்கினார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

அவர் பெயர் மார்செலோ கிரிவெல்லா. 1957-ல் ரியோவிலேயே பிறந்தவர், படித்தது சிவில் இன்ஜினீயரிங். ஆனால் அவரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அவருடைய தாய்மாமன் யார் என்பதைத்தான். எடிர் மசேதோ. மாநில லாட்டரித் துறையில் வேலை பார்த்த மசேதோ, 1977-ல் ரியோவின் புறநகர்ப் பகுதி ஒன்றில், ஈமக்கிரியை நிறுவனம் நடந்த பழைய கட்டடத்தில், ஒரு பெந்தெகொஸ்தே சபையைத் தொடங்கினார். அதுதான் யுனிவர்சல் சபை. இன்று உலகம் முழுக்கக் கிளைகள். 1989-ல் சுமார் 4.5 கோடி டாலருக்கு ரெக்கார்ட் தொலைக்காட்சியையே மசேதோ வாங்கினார்.

இந்தச் சபையில் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பாடு. திங்கள்கிழமை போனால் பணக் கஷ்டத்துக்கும் தொழிலுக்கும் ஜெபம். வெள்ளிக்கிழமை பேய் ஓட்டும் விடுதலை ஜெபம். தசமபாகமும் காணிக்கையும் விசுவாசத்தின் அளவுகோல். பெரிய நகரங்களின் ஓரத்தில், வேலை நிச்சயமில்லாமல், அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று அலுத்துப்போனவர்களுக்கு, தினமும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "வா, உன் கஷ்டத்தைச் சொல்" என்று கேட்க ஓர் இடம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் காணிக்கைப் பையை மட்டும் பார்த்துச் சிரிப்பார்கள். அதோடு நிறுத்திக்கொண்டால் பிரேசில் அரசியல் புரியாது. 1970-ல் அந்த நாட்டில், பெந்தெகொஸ்தேக்காரர்களையும் சேர்த்து, இவாஞ்சலிக்கல்கள் நூற்றுக்கு ஐந்து பேர். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 27 பேர்.

கிரிவெல்லா சபைக்குள் பாஸ்டராகி, பிஷப்பாகி, 1990-களில் பல ஆண்டுகள் ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்தார். பாட்டும் பாடுவார். அவருடைய கிறிஸ்தவப் பாடல் இசைத்தட்டுகள் பிரேசிலில் அமோகமாக விற்றன. அந்த வருமானத்தைக் கொண்டு வறட்சி வாட்டும் வடகிழக்கில், பாயியா மாநிலத்து இரேசே ஊரில், நோவா கனான் என்று ஒரு பண்ணை. சொட்டுநீர்ப் பாசனம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று அது ரெக்கார்ட் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டே இருந்தது. ஆக, தேர்தலுக்கு வரும்போதே குரல் தெரியும், முகம் தெரியும், தருமம் செய்பவர் என்ற பேரும் இருந்தது.

ஒரு காலத்தில் பிரேசிலின் பெந்தெகொஸ்தேக்காரர்களுக்கு அரசியல் என்பது உலகக் காரியம், விசுவாசி தொடக்கூடாதது. 1986-ல் அரசியல் நிர்ணய சபைத் தேர்தல் வந்தபோதுதான் மனசு மாறியது. கத்தோலிக்கர்கள் மட்டும் உட்கார்ந்து சட்டம் எழுதினால் நம் கதி என்ன என்ற பயம். நம்மவருக்கே நம் வாக்கு என்ற பேச்சு அப்போது பரவியது. யுனிவர்சல் சபை அதை ஒரு கணக்காகவே மாற்றிவிட்டது. எந்தப் பகுதியில் எத்தனை விசுவாசிகள் என்று எண்ணிப் பார்த்து, இந்தப் பகுதி வாக்கு இந்த வேட்பாளருக்கு என்று பிரித்துக் கொடுப்பார்கள்.

சட்டம் இதைத் தடுக்காதா என்றால், தடுக்கத்தான் செய்கிறது. சபைகள் வேட்பாளருக்குப் பணம் தரக்கூடாது, ஆலயத்துக்குள் பிரசாரம் கூடாது. ஆனால் ஒரு பாஸ்டர் இன்னொரு பாஸ்டரைக் காட்டி "நம்ம அண்ணன்" என்று சொல்வதை எந்தச் சட்டத்தில் போட்டுத் தடுப்பது?

2002-ல் கிரிவெல்லா, பிஷப் பணிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ரியோ மாநிலத்திலிருந்து செனட்டுக்குப் போட்டியிட்டார். அந்த வருஷம் மாநிலத்துக்கு இரண்டு இடம். அதிக வாக்கு வாங்கிய இருவருக்கு வெற்றி, பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. முப்பது லட்சத்துக்கும் மேல் வாங்கி உள்ளே போனார். 2010-ல் மறுபடியும் ஜெயித்தார். ஆனால் இடையிலும் பிறகுமாக, 2004-லும் 2008-லும் மேயர் பதவிக்கு நின்று தோற்றார். 2006-லும் 2014-லும் ஆளுநர் பதவிக்கு நின்று தோற்றார். காரணம் எளிது. மேயருக்கும் ஆளுநருக்கும் இரண்டு சுற்றுத் தேர்தல். கடைசிச் சுற்றில் செல்லும் வாக்கில் பாதிக்கு மேல் வேண்டும். சபை நிச்சயமாகக் கொண்டுவந்து சேர்க்கும் வாக்கு ஒரு பக்கம். "என்ன ஆனாலும் இவருக்குப் போடமாட்டேன்" என்பவர்கள் இன்னொரு பக்கம். சபையால் ஏறியவர், அதே சபையால் ஒரு மட்டத்துக்கு மேல் ஏற முடியாமல் நின்றார்.

இவரைப் பழமைவாதி என்கிறோமே, 2012-ல் யார் அமைச்சரவையில் இருந்தார் தெரியுமா? இடதுசாரி அதிபர் ஜில்மா ரூசெஃபின் அமைச்சரவையில். மீன்வளத் துறை. தூண்டிலில் புழு மாட்டக்கூடத் தனக்குத் தெரியாது என்று அவரே சொன்னார், பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. மீன் தெரிந்தவரைத் தேடி ஜில்மா அந்த இலாகாவைக் கொடுக்கவில்லை. சபை வாக்கு தன் கூட்டணிக்குள் இருக்க வேண்டும் என்றுதான் கொடுத்தார். 2016-ல் அதே ஜில்மாவைப் பதவிநீக்கம் செய்யும் தீர்மானத்துக்கு செனட்டர் கிரிவெல்லா ஆதரவாக வாக்களித்தார். கருக்கலைப்பு, ஓரினச் சேர்க்கை போன்ற விஷயங்களில் அவர் அசையவே மாட்டார். யாரோடு கூட்டு என்பதில் அவ்வளவு கறார் கிடையாது.

அந்த 2016-லேயே மேயர் தேர்தல். கடைசிச் சுற்றில் எதிரே நின்றவர் மார்செலோ ஃப்ரேய்ஷோ, தீவிர இடதுசாரி. நடுவில் இருந்தவர்களுக்கு இருவரையுமே பிடிக்கவில்லை. கிரிவெல்லா ஆப்பிரிக்க ஊழியம் பற்றி எழுதிய பழைய புத்தகம் ஒன்றை ஓ க்ளோபோ பத்திரிகை தோண்டி எடுத்தது. கத்தோலிக்கம், ஆப்பிரிக்க வழிபாடுகள், ஓரினச் சேர்க்கையாளர்கள் எல்லாரையும் அதில் சாடியிருந்தார். பக்குவமில்லாத வயதின் வேகம் என்று மன்னிப்புக் கேட்டார். ஜெயித்தும்விட்டார்: சுமார் 59 சதவீதம். ஆனால் கணக்கைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். அவருக்கு விழுந்தது 17 லட்சம். வாக்குச்சாவடிக்கே வராதவர்கள், வெற்று வாக்கு, செல்லாத வாக்கு எல்லாம் சேர்த்து 20 லட்சத்துக்கும் மேல். இத்தனைக்கும் பிரேசிலில் வாக்களிப்பது கட்டாயம். நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில்: பெரும்பாலான ரியோக்காரர்கள் அவரை மேயராக்கவில்லை, விலகி நின்று வழிவிட்டார்கள்.

மேயரான பிறகு நடந்தவை நிறைய. கார்னிவல் சண்டை உலகத்துக்கே தெரியும்: ஊர்வலத்தில் ஆடும் குழுக்களான சம்பா பள்ளிகளுக்கு நகராட்சி தரும் மானியத்தைப் பாதியாக்கி, அந்தப் பணம் குழந்தைகள் காப்பகத்துக்கு என்றார். 2018-ல் மங்கேய்ரா என்ற புகழ்பெற்ற பள்ளி, மேயரை யூதாஸ் பொம்மையாகச் செய்து ஊர்வலத்தில் இழுத்து வந்தது. மேயர் அப்போது ஐரோப்பாவில்.

ஆனால் என்னைக் கேட்டால், அவரைப் புரிந்துகொள்ள கார்னிவலை விட ஒரு காபிக் கூட்டம் போதும். 2018 ஜூலை 4. நகராட்சியின் அரண்மனைக் கட்டடத்தில் சுமார் 250 பாஸ்டர்களும் சபைத் தலைவர்களும். பொது நிகழ்ச்சிப் பட்டியலில் அது இல்லை. ஓ க்ளோபோ நிருபர் உள்ளே இருந்து பதிவு செய்துவிட்டார். மேயர் பேசுகிறார்: உங்கள் சபையில் யாருக்காவது கண்புரையா, காலில் நரம்புச் சுருட்டலா? மார்சியாவிடம் சொல்லுங்கள், ஓரிரு வாரத்தில் ஆபரேஷன் ஆகிவிடும். ஆலயத்துக்குச் சொத்துவரி வருகிறதா? அதைப் பார்க்கவும் ஆள் இருக்கிறது. பஸ் நிறுத்தம் சபையிலிருந்து தள்ளி இருக்கிறதா? கிட்டே கொண்டுவரலாம்.

மார்சியா நகராட்சியில் அவருடைய உதவியாளர். ரியோவின் அரசு ஆஸ்பத்திரிகளில் கண்புரை அறுவைக்கு வரிசையில் காத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். "மார்சியாகிட்ட சொல்லு" என்பது ஊரெல்லாம் கேலி வசனமாகிவிட்டது. பதவிநீக்கக் கோரிக்கை வந்து, நகரசபையில் தோற்றது. மேயர் பதவியைத் தன் சபைக்குச் சாதகமாகப் பயன்படுத்தக்கூடாது என்று ஒரு நீதிபதி உத்தரவு போட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது, கிரிவெல்லா முகத்தில் கள்ளத்தனம் இல்லை என்பது. பாஸ்டர் வேலையே அதுதானே? கண் தெரியாத கிழவிக்கு ஆஸ்பத்திரியில் சொல்லி இடம் வாங்குவது, ஊழியர்களின் குறை கேட்பது. செனட்டராக இருந்து அதைச் செய்தபோது தன் மக்களின் பிரதிநிதி என்றார்கள். மேயர் நாற்காலியில் வரிசை முழுவதும் அவருடைய பொறுப்பு. ஒருவரை முன்னால் தள்ளினால் இன்னொருவரைப் பின்னால் தள்ளுகிறீர்கள். இந்த வித்தியாசம் கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2019 செப்டம்பரில் புத்தகக் கண்காட்சி. மார்வல் காமிக்ஸ் ஒன்றில் இரண்டு ஆண்கள் முத்தமிடும் படம். உடை எல்லாம் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார்கள். அதைக் கறுப்பு பிளாஸ்டிக் உறையில் போட்டு எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்று மேயர் காணொளி போட்டு, நகராட்சி ஆட்களையும் சோதனைக்கு அனுப்பினார். அவர்கள் வருவதற்குள் புத்தகம் விற்றுத் தீர்ந்துவிட்டது. யூடியூபர் ஃபெலிபே நேட்டோ அதே மாதிரிக் கதைகள் கொண்ட 14,000 புத்தகங்களை வாங்கி இலவசமாகக் கொடுத்தார். ஃபோல்யா பத்திரிகை அந்த முத்தப் படத்தை முதல் பக்கத்திலேயே அச்சிட்டது. உச்ச நீதிமன்றம் மேயரின் தடையை நிறுத்தியது. ஆனால் சபை வாசலில் நிற்கும் வாக்காளருக்கு இது தோல்வியாகத் தெரிந்திருக்காது. நம்ம பிஷப் எதிர்த்து நின்றார் என்றுதான் தெரிந்திருக்கும்.

2020 நவம்பரில், அதிபர் பொல்சொனாரோவின் ஆதரவோடு மறுபடி நின்றார். எதுவார்டோ பாயிஸ் 64 சதவீதம் வாங்கினார், இவர் 36. பதவிக்காலம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது, டிசம்பர் 22 அன்று, லஞ்ச வழக்கில் போலீஸ் வீட்டுக்கு வந்து கைது செய்தது. நகராட்சி ஒப்பந்தக்காரர்களிடம் பணம் வசூலிக்க ஒரு கூட்டமே இயங்கியது என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. அவர் மறுத்தார், ஊழலை எதிர்த்த தன்னைப் பழிவாங்குகிறார்கள் என்றார். துணை மேயர் 2018-லேயே இறந்துவிட்டதால், மிச்சமிருந்த நாட்களை நகரசபைத் தலைவர் ஓட்டினார். கிரிவெல்லாவுக்கு முதலில் காலில் மின்னணுப் பட்டையோடு வீட்டுக்காவல், சில வாரங்களில் உச்ச நீதிமன்ற உத்தரவால் அதிலிருந்தும் விடுதலை.

2021-ல் அவரைத் தென்னாப்பிரிக்காவுக்குத் தூதராக அனுப்ப பொல்சொனாரோ பெயர் கொடுத்தார். யுனிவர்சல் சபைக்கு அப்போது ஆப்பிரிக்காவில் நேரம் சரியில்லை. அங்கோலாவில் உள்ளூர்ப் பிஷப்புகள் பிரேசில் தலைமையை எதிர்த்து எழுந்திருந்தார்கள். தென்னாப்பிரிக்கா சம்மதம் தரவில்லை. பெயரைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இத்தோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2022-ல் நாடாளுமன்ற கீழவைக்கு நின்றார். ரியோ மாநிலத்துக்கு 46 இடம், மாநிலம் முழுக்க ஒரே தொகுதி, கட்சிகள் வாங்கும் மொத்த வாக்குக்கு ஏற்ப இடம். பாதி வேண்டாம், நூற்றில் ஒரு பங்கு போதும். சுமார் 1.1 லட்சம் வாக்கோடு உள்ளே போய்விட்டார். பிடிக்காதவர்கள் எத்தனை லட்சம் இருந்தாலும் இங்கே அது கணக்கில் வராது. பொல்சொனாரோ ஆதரவாளர்கள் நடத்திய 2023 ஜனவரி 8 கலவரத்துக்குப் பிறகு அவர் கொண்டுவந்த பொதுமன்னிப்பு மசோதாவைத்தான், 2025 செப்டம்பரில் 311-க்கு 163 என்ற வாக்கில் அவசர விவாதத்துக்கு எடுத்தார்கள்.

இதற்கெல்லாம் நடுவில் சத்தமில்லாமல் ஒரு வேலை நடந்துகொண்டே இருந்தது. பிரேசில் அரசியல் சட்டம் ஆலயங்களுக்கு வரிவிலக்கு தருகிறது. ஆனால் வாடகைக் கட்டடத்தில் நடக்கும் சபைக்கு? கட்டடச் சொந்தக்காரர் தன் பேரில் வரும் சொத்துவரியை வாடகைதாரர் தலையில்தான் கட்டுவார். கடைத்தெருவில் ஷட்டரைத் தூக்கிவிட்டு ஜெபம் நடத்தும் சின்னச் சபைகளுக்கு அது பெரிய சுமை. செனட்டராக இருந்தபோது 2015-ல் கிரிவெல்லா இதற்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அவர் மேயராகி, தோற்று, கைதாகி, வெளியே வந்த பிறகு, 2022 பிப்ரவரியில் அது அரசியல் சட்டத்தின் 116-வது திருத்தமாகவே ஆனது. புத்தகக் கண்காட்சிக்கு அனுப்பிய ஆட்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். இந்தத் திருத்தமோ இன்றும் ஒவ்வொரு வாடகை ஆலயத்துக்கும் பொருந்தும்.

2023-ல் அடுத்த திருத்தத்தையும் வைத்தார்: சபைகள் தங்கள் பணிக்காக வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் உள்ள வரியும் கூடாது என்று. ஆலயம் கட்டும் சிமெண்டில் அடங்கியிருக்கும் வரி முதற்கொண்டு அதில் சேரும். நிறைவேற 513 பேரில் 308 பேர் கை தூக்க வேண்டும், இரண்டு சுற்றிலும். பிறகு செனட்டிலும் அதே ஐந்தில் மூன்று பங்கு. கையெழுத்திட்டு ஆதரித்தவர்களில் எல்லாரும் சபைக்காரர்கள் இல்லை. அவரவர் தொகுதியில் எத்தனை சபைகள் என்பது அவரவருக்குத் தெரியும்.