பட்டாளம் விட்டு வந்த தம்பியும் அண்ணன் வைத்திருந்த கணக்கும்

வேலூர் வட்டாரத்தில் பட்டாளத்திற்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேடித்தான் காண வேண்டும். கம்மவான்பேட்டை பட்டாளத்து ஊர் என்றே பெயர் பெற்றது. குடியாத்தத்தை அடுத்த நெசவூர் ஒன்றிலும் அத்தகைய குடும்பங்கள் உண்டு. அங்கே, நெசவாளர் சங்கத்து அங்கத்தினர் ஒருவரின் தம்பி 24 ஆண்டுகள் சேவை புரிந்து, 2023-ஆம் ஆண்டில் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தார். அவரை வரவேற்கக் கூடிய உறவினர் கூட்டத்தில் நாமும் கலந்துகொண்டோம்.

காட்பாடி ரயிலடியிலேயே மாலையும் மேளமும் காத்திருந்தன. வெள்ளை எழுத்தில் பெயரும் எண்ணும் எழுதிய கறுப்புத் தகரப் பெட்டியுடன் அவர் இறங்கினார். வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் அண்ணன் காலைத் தொட்டார். பிறகுதான் மாலைக்குக் கழுத்தைக் கொடுத்தார்.

1999-இல், 19 வயதில், தறியை விட்டு வெல்லிங்டனுக்குப் பயிற்சிக்குச் சென்றவர் அவர். 1758-ஆம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடும் மதராஸ் ரெஜிமென்டின் பயிற்சி நிலையம் நீலகிரியில் உள்ள அவ்வூரில்தான் இருக்கிறது. பின்னர்க் காஷ்மீரத்திலும் சியாச்சின் பனிமலையிலும் காவல் நின்றார். தாயார் காலமான செய்தி பனிமலையில் இருந்தபோது கிடைத்தது. அவர் வீடு வந்து சேர்ந்தது ஐந்தாம் நாள். அண்ணனே கொள்ளி வைத்து முடித்திருந்தார். இதைச் சொல்லுகையில் மட்டும் அவர் குரல் சற்றுத் தாழ்ந்தது.

சீரகச்சம்பா பிரியாணியுடன் விருந்து முடிந்தது. வெற்றிலைத் தட்டு வந்ததும் பேச்சு பணத்தின்மேல் திரும்பிற்று. 43 வயதில் ஓய்வா என்று சிலர் வியந்தனர். பட்டாளத்திற்கு இளைஞர் வேண்டும். ஆகையால் சிப்பாய்கள் இளம் வயதிலேயே விடுவிக்கப்படுகின்றனர். 15 ஆண்டு சேவை முடித்தவருக்குப் பென்ஷன் உண்டு. பணிக்கொடையும் சேமநிதியும் மொத்தமாகக் கிடைக்கும். விரும்பினால் பென்ஷனில் பாதிவரை முன்கூட்டியே மொத்தத் தொகையாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பகுதி மீண்டும் கிடைக்க 15 ஆண்டுகள் ஆகும்.

இத்தொகையைப் பற்றி ஆளுக்கொரு யோசனை கூறினர். ஒருவர் மனை வாங்கச் சொன்னார். ஒருவர் மகள் கல்யாணத்திற்குக் கைமாற்றுக் கேட்டார். மூன்றாமவர், “இந்த மாடி வீடே தம்பி பணத்தில் எழுந்ததுதானே, யார் பேரில் இருக்கிறது?” என்று மெல்லக் கேட்டுவைத்தார். கூடம் அமைதியாயிற்று.

அண்ணன் எழுந்துபோய் நான்கு நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்தார். 1999 முதல் வந்த மணியார்டர்களும், பிற்காலத்தில் வங்கி வழியே வந்த தொகைகளும் தேதி வாரியாக அவற்றில் இருந்தன. தாயாரின் வைத்தியம், தங்கையின் கல்யாணம், வீட்டுச் சுவர், கூரை எல்லாம் தனித்தனியே எழுதப்பட்டிருந்தன. தம்முடைய நெசவுக் கூலியிலிருந்து வீட்டிற்குப் போட்டதையும் எதிர்ப் பக்கத்தில் எழுதியிருந்தார். வீடு இருவர் பேரிலும் இருந்தது. மிச்சம், ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் தம்பி பேரில் வைப்பாக இருந்தது.

கடைசி நோட்டில் ஒரு பக்கத்தை அவரே எடுத்துக் காட்டினார். “2020-இல் கொரோனா வந்து தறி நின்றபோது, உன்னைக் கேளாமல் 40,000 ரூபாய் எடுத்துச் சோற்றுக்குச் செலவழித்தேன். 25,000 திருப்பிக் கட்டிவிட்டேன். 15,000 பாக்கி நிற்கிறது” என்றார். அண்ணியார் தலை கவிழ்ந்திருந்தார்.

தம்பி அக்கடனை அடித்துவிடுவார் என்றே எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் அப்படிச் செய்யவில்லை. “அண்ணா, இதை நான் அடித்தால் நீங்கள் இத்தனை வருஷம் எழுதிய கணக்குக்கு மரியாதை இல்லாமற்போகும். முடிந்தபோது கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கொள்ளி வைக்க நான் இல்லாதபோது நீங்கள் நின்றீர்களே, அதை எழுத என்னிடம் நோட்டு இல்லை” என்றார். கைமாற்றுக் கேட்டவர் வேறு பேச்சைத் தொடங்கினார்.

தொகை முழுவதையும் ஆறு மாதம் வைப்பிலேயே விட்டுவைப்பது, அதுவரை எவருக்கும் கடன் தருவதில்லை என்று தம்பியும் அவர் மனைவியும் தீர்மானித்திருந்தனர். பென்ஷனிலும் ஒரு சிறு பகுதியையே அவர் மொத்தமாக மாற்றியிருந்தார். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதிவதும், 2003-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் வைத்தியத் திட்டத்தின் அட்டையைப் பெறுவதும் அடுத்த வேலைகள்.

மறுநாள் காலை அவர் தந்தையாரின் குழித்தறியில் இறங்கி உட்கார்ந்தார். நாலு ஊடை ஓடுவதற்குள் பாவில் இழை அறுந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் குனிந்து பிணைத்துக் கொடுத்தார்.

பட்டாளத்துக்காரர் பெறும் மாலையில் ஒரு பங்கு, வீட்டில் இருந்து விளக்கெரித்தவர்களுக்கும் உரியது. அங்கத்தினர்களே! உங்கள் வீட்டிலும் வெளியூரில் உழைத்துப் பணம் அனுப்பும் தம்பியோ மகனோ இருக்கலாம். அவர் பெயருக்கு ஒரு நோட்டை இன்றே போடுங்கள். எடுத்ததையும் எழுதுங்கள், கொடுத்ததையும் எழுதுங்கள். அவர் திரும்பி வரும் நாளில் தலை நிமிர்ந்து எதிர்கொண்டு அழைக்கலாம்.