அதிகாரப் பகிர்வும் எங்கள் காணியும்

தேர்தல் வந்தால் தலைவர்களும் வருவார்கள். "அதிகாரப் பகிர்வு" என்ற சொல் மேடையிலே பல தடவை ஒலிக்கும். கூட்டம் முடிந்து கொட்டிலுக்குத் திரும்பும் கமக்காரருக்கு மிஞ்சுவது ஒரு கேள்விதான்: "என்னுடைய காணியைத் திருப்பித் தரும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?" இதற்கு விடை தெரியாமல் புள்ளடி இட்டால், தர முடியாதவரிடம் கேட்டு ஏமாறுவோம், தரக்கூடியவரைக் கேட்காமலே விட்டுவிடுவோம்.

அதிகாரத்தைப் பகிர்வது புதிய எண்ணமல்ல. மக்களின் வழக்குகளைக் காலை முதல் மாலை வரை தனியே தீர்த்துக் களைத்துப்போன மோசேக்கு அவருடைய மாமனார் சொன்ன புத்தி இதுவே. ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்துப் பேருக்கும் பொறுப்பாளரை நியமி. பெரிய காரியம் மட்டும் உன்னிடம் வரட்டும் என்றார். பொறுப்பாளர் கைக்கூலியை வெறுப்பவராக இருக்க வேண்டும் என்பதையும் அவர் மறக்கவில்லை. முறையும் வேண்டும், ஆளும் வேண்டும்.

எமது நாட்டில் இம்முறை 1987 யூலை இலங்கை இந்திய ஒப்பந்தத்தின் பின், அதே ஆண்டு நவம்பரில், அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமாக வந்தது. அதன்படி விவசாயம், கமநல சேவை, மாகாணத்துக்குள் அடங்கும் நீர்ப்பாசனம் ஆகியவை மாகாண சபைக்குரியவை. காணியும் அப்பட்டியலில் உண்டு. ஆனால் நிபந்தனையோடு உண்டு. அரச காணி தொடர்ந்தும் அரசுக்கே உரியது. அதைப் பிரசைகளுக்குப் பகிர்ந்தளிப்பவர் சனாதிபதி. மாகாண சபை ஆலோசனை கூறலாம். காணிக் கொள்கையை வகுக்க எல்லா மாகாணங்களினதும் பிரதிநிதிகள் அடங்கிய தேசிய காணி ஆணைக்குழு அமைய வேண்டும் என்றும் எழுதப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழிந்தும் அது அமைக்கப்படவில்லை.

இதன் விளைவை 2013இல் கண்டோம். அவ்வாண்டு ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. செப்ரெம்பர் 21இல் வட மாகாண சபைக்கு முதற்தடவையாகத் தேர்தல் நடந்தது. ஐந்து நாட்களின் பின், அரச காணி மீதான அதிகாரம் மத்திய அரசிடமே உள்ளது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள் தெரிந்த சபையால் படையினர் வசமிருந்த ஒரு பரப்புக் காணியைக்கூடத் தானாக விடுவிக்க முடியவில்லை. 2015இன் பின் கட்டங்கட்டமாகக் காணிகள் விடப்பட்டதும் கொழும்பின் தீர்மானத்தினாலேயே.

ஆயினும் எல்லாப் பழியையும் சட்டத்தின்மேல் போட்டுவிட முடியாது. 2013இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 38 ஆசனங்களில் 30 கிடைத்தன. அவ்வளவு பலம் இருந்தும் 2017 யூனில் அதே கூட்டமைப்பின் உறுப்பினர்கள் தமது முதலமைச்சருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணையைக் கையளித்தார்கள். பின்னர் அது மீளப் பெறப்பட்டது. ஆனால் குளமும் வாய்க்காலும் பற்றிப் பேச வேண்டிய நாட்கள் கட்சிச் சண்டையிற் கழிந்தன. 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அதற்கு முன்னரே, 2017இல், தேர்தல் முறை மாற்றப்பட்டிருந்தது. 2018 ஓகஸ்டில் புதிய எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்ற நிலையில் தேர்தல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போக, சனாதிபதி நியமித்த ஆளுநரே நிருவாகத்தை நடத்தினார். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் தமிழ்க் கட்சிகள் பல கூறாய்ப் பிரிந்து நிற்க, யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தேசிய மக்கள் சக்திக்குப் போயின. வாக்காளர் எந்தக் கட்சிக்கும் எழுதிக் கொடுத்த சொத்தல்லர் என்பதை அது காட்டியது.

யாருக்கு வாக்களிப்பது என்பது உங்கள் மனச்சாட்சியின் தீர்மானம். வாக்குக் கேட்டு வருபவரிடம் பின்வருவனவற்றைக் கேட்பது உங்கள் உரிமை:

1. எங்கள் காணி தனியார் காணியா, அரச காணியா, எந்தத் திணைக்களத்தின் கையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? அதற்காக யாரிடம் எழுதிக் கேட்டீர்கள்?

2. காணி ஆணைக்குழுவை அமைக்கவும், மாகாண சபைத் தேர்தலை நடத்தவும் என்ன செய்வீர்கள்?

3. தேர்தல் முடிந்தபின் எதிர்க்கட்சியோடு ஒரே மேசையில் இருந்து வேலை செய்வீர்களா?

4. கொழும்பிடம் கேட்கும் அதிகாரத்தைக் கிராமத்தோடும் பகிர்வீர்களா? கமக்காரர் அமைப்புக்கும் விதவைப் பெண்களுக்கும் அதில் இடமுண்டா? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும் எம்மைப் போல இடம்பெயர்ந்தவர்களே. அவர்களுடைய காணியைப் பற்றியும் பேசுவீர்களா?

நாலாவது கேள்வி எம்மையும் நோக்கியது. எமக்குக் கேட்கும் நீதியை அயலவருக்கு மறுத்தால் அது நீதியாகாது.

இக்கேள்விகளைத் தனியே கேட்கத் தயங்கினால் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கூடிக் கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதி, திகதியிட்டு வையுங்கள். வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் உள்ளதா எனக் கிராம அலுவலரிடம் ஆண்டுதோறும் பாருங்கள். விதைத்தவர் வயலைத் திரும்பிப் பாராவிட்டால் களைதான் மண்டும். வாக்கும் அப்படியே, போட்ட பிறகும் போய்ப் பார்க்க வேண்டும்.